காலூன்றிய எழுத்து

கணினியில் ஒரு சொல்லை அழுத்திக் காட்ட வேண்டுமென்றால் ‘போல்டு’ பொத்தானைத் தட்டுகிறோம். சொல் தடிக்கிறது, பக்கத்துச் சொற்களோடு வரி பிசகாமல் நிற்கிறது. ஐரோப்பாவில் அச்சுத் தொழில் தொடங்கி ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் வரை இந்த வசதி எந்த அச்சகத்திலும் கிடையாது. 1845-இல் லண்டன் ஃபான் ஸ்ட்ரீட் எழுத்து வார்ப்பாலையில் ராபர்ட் பெஸ்லி ‘கிளாரண்டன்’ என்ற எழுத்தை வெளியிட்டார். சாதாரண எழுத்துக்குப் பக்கத்தில், அதே வரியில் உட்கார்வதற்கென்றே செதுக்கிய முதல் தடித்த எழுத்து அதுதான் என்று அச்சு வரலாறு எழுதியவர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள்.

பெயர் தெரியாவிட்டாலும் முகம் உங்களுக்குத் தெரிந்ததுதான். டிவிப் பெட்டியின் அடியில் ‘சோனி’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறதே, அது இந்தக் குடும்பத்துச் சாயல். ஆங்கில எழுத்துகளின் முனையில் இருக்கும் சின்னக் காலுக்குத் தொழிலில் செரிஃப் என்று பெயர். சாதாரணப் புத்தக எழுத்தில் அந்தக் கால் மெலிந்து, கூராக முடியும். கிளாரண்டன் வகையில் அது தட்டையாக, கனமாக, பட்டை அடித்ததுபோல் இருக்கும். ஸ்லாப் செரிஃப் என்பார்கள். நான் பட்டைக்கால் எழுத்து என்றே எழுதுகிறேன். பெரிய ‘ஐ’ எழுத்தைப் பாருங்கள்: நடுவே ஒரு தண்டு, மேலும் கீழும் இரண்டு பட்டைகள். தண்டும் பட்டையும் சேரும் இடம் செங்கோணமாக முறியாமல் உள்வளைந்து இறங்கும். பெரிய ‘ஆர்’ எழுத்தின் கால் தரையைத் தொட்டுவிட்டு லேசாக மேலே சுருளும். சின்ன ‘ஏ’யின் தலை முனை சொட்டு மை நின்றாற்போல் உருண்டு முடியும். கனமான உடம்பு, உருண்ட முனைகள். பார்த்தால் அதட்டுகிற எழுத்தாகத் தெரியாது. ஆனால் கூட்டத்தில் நிறுத்தினால் முதலில் கண்ணில் படுவது இதுதான்.

எனக்கு இந்த எழுத்தோடு கைப்பழக்கம் உண்டு. பள்ளி முடித்த கையோடு திருச்சியில் ஒரு ஜாப் பிரஸ்ஸில் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டராகச் சேர்ந்தேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், லெட்டர் ஹெட், கோயில் நோட்டீஸ், தேர்தல் வந்தால் துண்டுப் பிரசுரம் என்று எல்லா வேலையும் வரும். ஆங்கில எழுத்துக்குத் தனியாக நாலைந்து கேஸ்கள், அதாவது எழுத்துப் பெட்டிகள், இருந்தன. அவற்றில் அழகான எழுத்து ஒன்று உண்டு. தண்டு தடிமனாகவும் குறுக்குக் கோடு மயிரிழையாகவும் இருக்கும். அதில் கோத்து டிரெடில் அச்சு மெஷினில் ஏற்றினால் மெஷின்மேன் அண்ணனுக்கு முகம் சுருங்கிவிடும். “தம்பி, இதுல பாதிக்குக் காலே இல்ல. நான் எவ்வளவு அழுத்தம் குடுத்தாலும் விழாது, போய் மாத்திக்கிட்டு வா” என்பார். ஒரு லென்ஸை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது புரியும். மெல்லிய கால்கள் எத்தனையோ ஆயிரம் அச்சுகளில் நசுங்கி உதிர்ந்திருக்கும். அதே ரேக்கில் பட்டைக்கால் எழுத்து இருந்த கேஸில் ஓர் எழுத்துகூட ஊனமில்லை. மட்டக் காகிதமா, மை கூடிவிட்டதா, பேக்கிங் சரியில்லையா, எதற்கும் அது ஈடுகொடுக்கும். ரசீதுப் புத்தகத்துக்கும் பஸ் டிக்கெட்டுக்கும் நாங்கள் அதைத்தான் எடுப்போம். இந்த எழுத்தின் வரலாற்றைப் பின்னாளில் தேடிப் படித்தபோது ஒன்று தெளிவாகப் புரிந்தது. அழகுக்காகப் பிறந்த எழுத்தல்ல இது. மோசமான காகிதம், அவசரமான மெஷின், தூரத்தில் நிற்கும் கண் ஆகிய மூன்றுக்கும் பதில் சொல்லப் பிறந்தது. எந்தக் காலத்தில் எந்தத் தொழிலுக்கு அந்த மூன்றில் ஒன்று தொல்லை கொடுத்ததோ, அந்தத் தொழில் இதைத் தேடிப் போயிருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு தொடங்கியபோது லண்டன் அச்சகங்களில் இருந்தவை பெரும்பாலும் புத்தகத்துக்கான எழுத்துகள். பைபிள், பிரசங்கம், நாடாளுமன்றச் சட்டம் போன்றவை அவர்களுடைய முக்கியமான சரக்குகள். நிதானமாக உட்கார்ந்து படிப்பவருக்கான எழுத்து அது. நீராவி இயந்திரம் வந்து பொருள்கள் குவிந்து, குவிந்ததை விற்க வேண்டிய காலம் வந்ததும் நிலைமை மாறியது. லாட்டரிச் சீட்டு, மருந்து, கோச் வண்டி, நாடகம், குதிரைச் சர்க்கஸ் எல்லாம் சுவரில் ஏறின. பைபிள் எழுத்தைப் பெரிதாக்கிச் சுவரில் ஒட்டினால் தெருவில் போகிறவன் கண்ணில் படாது. வார்ப்பாலைக்காரர்கள் முதலில் செய்தது, இருந்த எழுத்தின் தண்டை மட்டும் ஊதிப் பெருக்கியது. தொந்தி பெருத்து, கால் மட்டும் நூலாக நின்ற அந்த எழுத்துக்கு ‘ஃபேட் ஃபேஸ்’ என்று பெயர். ஃபான் ஸ்ட்ரீட் வார்ப்பாலையின் அன்றைய உரிமையாளர் ராபர்ட் தோர்ன் அதைக் கொண்டுவந்தார் என்பார்கள். அதற்கு அடுத்த படிதான் பட்டைக்கால் எழுத்து. வின்சென்ட் ஃபிகின்ஸ் என்ற வார்ப்பாலைக்காரரின் 1815 தேதியிட்ட மாதிரிப் புத்தகத்தில் காலும் தண்டும் ஒரே கனத்தில், வெறும் பெரிய எழுத்துகளாக அது முதல் தடவை தென்படுகிறது. அவர் அதை ‘ஆன்டிக்’ என்று விற்றார். நெப்போலியன் எகிப்துக்குப் படையெடுத்துப் போய் வந்த பிறகு லண்டனில் எகிப்து மோகம் தலைக்கேறியிருந்தது. மற்றவர்கள் ‘ஈஜிப்ஷியன்’ என்றே பெயர் வைத்தார்கள்.

1820-இல் தோர்ன் இறந்ததும் அவருடைய வார்ப்பாலை ஏலத்துக்கு வந்தது. வாங்கியவர் வில்லியம் தோரோகுட். எழுத்துத் தொழிலுக்கே சம்பந்தமில்லாதவர். லாட்டரியில் விழுந்த பணத்தில் வாங்கினார் என்று ஒரு பேச்சு உண்டு. லாட்டரி விளம்பரம்தான் இந்தத் தடித்த எழுத்துகளை வளர்த்தது, லாட்டரிப் பணமே அவற்றை வாங்கியது என்றால் பொருத்தமாகத்தான் இருக்கிறது. தோரோகுட்டிடம் 1826-இல் வேலைக்குச் சேர்ந்தவர் ராபர்ட் பெஸ்லி. எக்ஸெட்டர் ஊர்க்காரர். வேலை, ஊர் ஊராகப் போய் அச்சகங்களில் எழுத்து விற்பது. இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். வார்ப்பாலையிலேயே உட்கார்ந்திருந்தவருக்குத் தெரியாத ஒன்று, அச்சகத்துப் படியேறி இறங்கியவருக்குத் தெரிந்திருந்தது. கம்பாசிட்டருக்குச் சுவரொட்டிக்கு மட்டும் எழுத்து இருந்தால் போதாது, புத்தகத்தின் நடுவரிக்கும் அழுத்தமான எழுத்து ஒன்று வேண்டும்.

அதுவரை நடுவரியில் அழுத்தம் கொடுக்க என்ன செய்தார்கள்? சாய்ந்த எழுத்தைப் போட்டார்கள். முழுக்கப் பெரிய எழுத்தில் கோத்தார்கள். பழைய ஜெர்மன் பாணிக் கறுப்பெழுத்தைச் சொருகினார்கள். கொஞ்சம் துணிந்தவர்கள் சுவரொட்டிக் கேஸிலிருந்து ஈஜிப்ஷியனின் சின்ன அளவை எடுத்து அகராதிக்குள் வைத்தார்கள். அது மை சிந்தியதுபோல் பக்கத்தில் அப்பிக்கொண்டு நிற்கும். அளவும் பொருந்தாது. இன்று நாம் சொல்கிற ‘பாயிண்ட்’ கணக்கையே அமெரிக்க வார்ப்பாலைகள் பொதுவாக ஏற்றுக்கொண்டது 1886-இல்தான். அதற்கு முன்பு ஒருவர் வார்த்த எழுத்தின் அடிக்கோடும் இன்னொருவர் வார்த்ததும் ஒன்றாக நிற்கும் என்று நம்ப முடியாது. எங்கள் பிரஸ்ஸிலேயே இரண்டு ஊர் எழுத்தை ஒரே வரியில் கலந்தால் ஒன்று மேலே துள்ளும், ஒன்று கீழே இறங்கும். காகிதத்தைக் கிழித்து மடித்து அடியில் சொருகிச் சமாளிப்போம்.

பெஸ்லி இந்த வேலையைத் தம் வார்ப்பாலையின் எழுத்து வெட்டுநர் பெஞ்சமின் ஃபாக்ஸிடம் கொடுத்தார். எழுத்து வெட்டுவது என்றால், விரல் நீள எஃகுக் கம்பியின் நுனியில் எழுத்தைத் தலைகீழ்க் கண்ணாடிப் பிம்பமாக அரத்தாலும் உளியாலும் செதுக்குவது. பிறகு அந்த எஃகைப் பதமேற்றி, செம்புத் துண்டில் அடித்துப் பள்ளம் எடுத்து, அந்தப் பள்ளத்தில் ஈயமும் ஆன்டிமணியும் தகரமும் கலந்த உலோகத்தை ஊற்றுவார்கள். ஒவ்வொரு எழுத்துக்கும், ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனி எஃகு. சின்ன அளவில் தடித்த எழுத்து வெட்டுவதில் கஷ்டம் கறுப்பில் இல்லை. உள்ளே இருக்கும் வெள்ளையில் இருக்கிறது. ‘ஈ’யின் கண், ‘ஏ’யின் வயிறு ஆகியவற்றில் தண்டு தடிக்கத் தடிக்க வெளுப்பு குறையும். மை ஒரு சொட்டுக் கூடினால் அடைத்துக்கொள்ளும். ஃபாக்ஸ் அந்த வெள்ளையைக் காப்பாற்றினார். எழுத்தை லேசாக ஒடுக்கினார், அகராதியின் குறுகிய பத்தியில் இடம் மிச்சமானது. சுவரொட்டி எழுத்தின் முரட்டுச் செங்கோணத்தை வளைவாக மாற்றினார். கனத்தையும் சுவரொட்டி அளவுக்கு ஏற்றாமல் ஒரு படி குறைத்தே நிறுத்தினார். சாதாரண எழுத்தின் பக்கத்தில் வைத்தால் முறைக்காது, ஆனால் விரல் வைத்துத் தேடுகிறவனுக்கு உடனே கிடைக்கும். ஃபாக்ஸின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? எழுத்து வெட்டியவர்களின் பெயர் எழுத்தின் மேல் எங்கும் இருப்பதில்லை. அதனால்தான் இங்கே சொல்கிறேன்.

பெஸ்லி இன்னொன்றும் செய்தார். வடிவமைப்புகளைப் பதிவு செய்ய இங்கிலாந்தில் 1842-இல் ஒரு சட்டம் வந்திருந்தது. அதன்கீழ் கிளாரண்டனைப் பதிவு செய்தார். அப்படிப் பதிவான முதல் எழுத்தாக இதைத்தான் சொல்கிறார்கள். கிடைத்த பாதுகாப்பு மூன்றே வருஷம். அது முடிந்ததும் மற்ற வார்ப்பாலைகள் எல்லாம் ஆளுக்கொரு கிளாரண்டனோடு கடைவிரித்தன. பெஸ்லிக்கு அதில் நஷ்டம், எழுத்துக்கு லாபம். அகராதி, ரயில் கால அட்டவணை, விலைப்பட்டியல், பரீட்சைப் புத்தகம் என்று தேடிப் படிக்க வேண்டிய எல்லாவற்றிலும் அது நுழைந்தது. அச்சகத்துக்காரர்கள் தடித்த எழுத்து எதுவானாலும் அதைக் ‘கிளாரண்டன்’ என்றே கூப்பிடும் அளவுக்குப் பெயர் பரவியது. பெஸ்லியும் சோர்ந்து போகவில்லை. 1861-இல் தொழிலிலிருந்து விலகினார், 1869-இல் லண்டன் மாநகரின் லார்ட் மேயரானார். எழுத்து விற்கும் பிரதிநிதியாகத் தொடங்கியவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார் என்பதை ஒரு பழைய கம்பாசிட்டராகச் சந்தோஷத்தோடு எழுதுகிறேன்.

சுவரொட்டிக்கு வருவோம். 1843 பிப்ரவரி 14 அன்று இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் பாப்லோ ஃபான்க் நடத்திய சர்க்கஸுக்கு அடித்த ஒரு நோட்டீஸ் உலகப் புகழ் பெற்றது. ஃபான்க், பிரிட்டனில் சர்க்கஸ் கம்பெனி நடத்திய முதல் கறுப்பினத்தவர். நார்விச்சில் வில்லியம் டார்பி என்ற பெயரில் பிறந்தவர். 1967-இல் ஜான் லெனன் கென்ட் மாவட்டத்து செவன்ஓக்ஸில் ஒரு பழம்பொருள் கடையில் அந்த நோட்டீஸை வாங்கி வீட்டில் மாட்டி, அதில் இருந்ததை வைத்தே பீட்டில்ஸுக்கு ஒரு பாட்டு எழுதினார். அதன் படத்தைப் பார்க்கிறவர்கள் கவனிக்க வேண்டியது, வரிக்கு வரி எழுத்து மாறுவது. ஒரு வரி அகலம், அடுத்தது ஒடுங்கியது, அதற்கடுத்தது நெட்டை. ஏதோ கிறுக்குத்தனம் என்று தோன்றும். கிடையாது. இடமிருந்து வலம்வரை ஒவ்வொரு வரியும் காகிதத்தை நிரப்ப வேண்டும் என்பது சுவரொட்டிக் கம்பாசிட்டரின் விதி. நாலெழுத்துச் சொல்லுக்கு அகல எழுத்து, பதினாறு எழுத்துச் சொல்லுக்கு ஒடுங்கிய எழுத்து. கேஸில் எது இருக்கிறதோ, எது வரியை நிரப்புகிறதோ அது ஏறும். நாங்களும் நாடக நோட்டீஸில் அதைத்தான் செய்தோம். ‘ராஜபார்ட்’ பெயர் காகிதம் முழுக்க நிற்க வேண்டும், ‘மற்றும்’ என்பது ஓரமாக ஒண்டிக்கொள்ள வேண்டும்.

இந்தப் பெரிய எழுத்துகளை ஈயத்தில் வார்ப்பது லாபமில்லை. கனம் தாங்காது, விலையை எடைபோட்டுச் சொல்வார்கள், பெரிய கட்டி ஆறும்போது முகம் குழிந்துவிடும். நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் என்ற அச்சகக்காரர் 1827-இல் பக்கவாட்டில் நகர்ந்து குடையும் ரௌட்டர் இயந்திரத்தைச் செய்து மரத்தில் எழுத்து வெட்டினார். அடுத்த வருஷமே மர எழுத்துகளுக்கென்று தனி மாதிரிப் புத்தகம் போட்டார். 1834-இல் வில்லியம் லெவன்வொர்த் அதோடு பான்டோகிராஃபை இணைத்தார். ஒரு மாதிரி எழுத்தின் விளிம்பில் முள்ளை ஓட்டினால், இந்தப் பக்கம் கத்தி அதே உருவத்தை வேண்டிய அளவில் குடைந்து கொடுக்கும். ஒரே மாதிரியிலிருந்து அகலமாகவும் ஒடுக்கமாகவும் வெட்டலாம். சுவரொட்டிக் கம்பாசிட்டருக்கு வேறென்ன வேண்டும்?

மரம் மேப்பிள். பலகையாக அறுத்த பக்கத்தில் வெட்டமாட்டார்கள். அடிமரத்தைக் குறுக்காக வட்டமாக அறுத்து, அந்த வெட்டுமுகத்தில் வெட்டுவார்கள். நார் செங்குத்தாக நிற்பதால் அழுத்தம் தாங்கும், ஓரம் பிய்யாது. மாதக் கணக்கில், சில பட்டறைகளில் வருஷக் கணக்கில் உலர்த்தி, முகத்தை இழைத்து மெருகேற்றி, ஈய எழுத்தின் உயரத்துக்கே கொண்டுவருவார்கள். அமெரிக்கக் கணக்கில் அது 0.918 அங்குலம். மரமும் ஈயமும் கோத்துக் கட்டிய ஒரே பாரத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டுமே! இங்கே பட்டைக்கால் எழுத்துக்கு ஓர் இயல்பான அனுகூலம் இருந்தது. சுழலும் கத்தி எவ்வளவு மெலிந்தாலும் உள்மூலையில் ஒரு சின்ன வளைவை விட்டுத்தான் வரும். கூரான மூலை வேண்டுமென்றால் ஆள் உட்கார்ந்து கைக்கத்தியால் செதுக்க வேண்டும். கிளாரண்டனுக்கோ உள்மூலை பிறப்பிலேயே வளைவு. கத்தியின் போக்கும் எழுத்தின் போக்கும் ஒன்றாயின. மயிரிழைக் கால் மரத்தில் ஒரே வாரத்தில் முறியும். பட்டைக்கால் தலைமுறை தாண்டும்.

அமெரிக்கக்காரர்கள் அதோடு நிற்கவில்லை. கால் பட்டையைத் தண்டை விடவும் கனமாக்கி, உடம்பை ஒடுக்கி, ‘ஃப்ரெஞ்ச் கிளாரண்டன்’ என்று ஒன்று செய்தார்கள். கௌபாய் படங்களில் மதுக்கடை வாசலிலும் ‘தேடப்படுகிறார்’ நோட்டீஸிலும் வருவது அந்த எழுத்துதான். சினிமாவில் பார்த்துப் பார்த்து அது மேற்கத்தியப் பாலைவனத்தின் சொந்த எழுத்து என்றே நாம் நினைத்துவிட்டோம். கனெக்டிகட்டின் வில்லியம் பேஜ் போன்றவர்களின் பட்டறையில் பிறந்து, மளிகைக் கடை ஏலத்துக்கும் சர்க்கஸுக்கும் தேர்தலுக்கும் உழைத்த எழுத்து அது. 1880-இல் விஸ்கான்சின் மாநிலத்து டூ ரிவர்ஸ் ஊரில் எட்வர்ட் ஹாமில்டன் கம்பெனி தொடங்கினார். காலால் மிதித்து ஓட்டும் ரம்பத்தில் எழுத்து அறுத்துத் தொழிலுக்குள் வந்தவர். மெல்லிய மரத்தகட்டில் எழுத்தை அறுத்து, மலிவான கட்டையின் மேல் ஒட்டி, பாதி விலைக்கு விற்றார். பத்தே வருஷத்தில் பேஜ் கம்பெனியையே வாங்கும் நிலைக்கு வந்தார். பிறகு அவரும் எல்லோரையும்போல் வெட்டுமுக மரத்துக்கு மாறினார்.

நூற்றாண்டு முடிந்தபோது ரசனை திரும்பியது. புத்தகக் கலையை மீட்க வந்தவர்களுக்கு இந்தத் தடித்த எழுத்துகள் எல்லாம் சந்தைக் கூச்சல். லண்டனில் நிக்கோலெட் கிரே என்பவர் 1938-இல் பத்தொன்பதாம் நூற்றாண்டு அலங்கார எழுத்துகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி, இவையும் ஆராயத் தகுந்தவை என்று நிறுவும் வரை படித்தவர்கள் பலர் இவற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் அந்த ரசிகர்களோடு ஒத்துப்போக மாட்டேன். புத்தகத்தை மட்டுமே அச்சு என்று நினைப்பவர்களின் தீர்ப்பு அது. ரயில் எத்தனை மணிக்கு என்று தேடுகிறவனும் அச்சைப் படிக்கிறவன்தான்.

அந்த ரசிகர்கள் ஒதுக்கிய அதே காலத்தில் நாளிதழ்கள் பட்டைக்காலைத் தேடி வந்தன. ரோட்டரி மெஷினில் பக்கத்தை அப்படியே அட்டை அச்சில் அழுத்தி, வளைந்த தகடாக வார்த்து, தாறுமாறான வேகத்தில் ஓட்டினார்கள். மெல்லிய கோடுகள் பாதி காணாமல் போயின, மீதி மையில் அடைத்தன. லைனோடைப் கம்பெனியின் சான்ஸி கிரிஃபித் 1925-இல் ‘ஐயானிக் நம்பர் 5’ என்ற எழுத்தைக் கொடுத்தார். கிளாரண்டன் உறவில் வந்தது. கனத்தைக் குறைத்து, காலை உறுதியாகவும் உள்வெளியை அகலமாகவும் வைத்த எழுத்து. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான நாளிதழ்கள் அதற்கு மாறின. காலைக் காப்பியோடு ஆங்கிலப் பேப்பர் படித்த நம் தாத்தாக்கள் படித்தது பெரும்பாலும் இந்த வம்சத்து எழுத்துகளைத்தான்.

ஜெர்மனியில் 1929-இல் ‘மெம்ஃபிஸ்’ வந்தது, பின்னாலேயே ‘சிட்டி’, ‘பேட்டான்’, இங்கிலாந்தில் 1934-இல் ‘ராக்வெல்’. இவை காம்பஸும் ஸ்கேலும் வைத்து வரைந்த பட்டைக்கால்கள். இவற்றில் எனக்கு அவ்வளவு ஈடுபாடில்லை. வளைவை எடுத்துவிட்டால் அந்த எழுத்தின் இரக்கமும் போய்விடுகிறது. ஆனால் கியார்க் ட்ரம்ப் வரைந்த ‘சிட்டி’யிலிருந்துதான் பால் ராண்ட் 1956-இல் ஐபிஎம் கம்பெனியின் சின்னத்தை உருவாக்கினார் என்பதைச் சொல்லியாக வேண்டும். 1953-இல் சுவிட்சர்லாந்தின் ஹாஸ் வார்ப்பாலைக்காக ஹெர்மன் ஐடன்பென்ஸ் கிளாரண்டனையே திரும்ப வரைந்தார். இன்று கணினிகளில் கிளாரண்டன் என்ற பெயரில் பரவலாகக் கிடைப்பது அவர் வழி வந்ததுதான்.

அதே ஐம்பதுகளில் ஐபிஎம் தட்டச்சு இயந்திரத்துக்காக ஹோவர்ட் கெட்லர் ‘கூரியர்’ வரைந்தார். தட்டச்சில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். ‘எம்’முக்கு இடம் போதாது, ‘ஐ’யும் ‘எல்’லும் வெட்டவெளியில் தனியாக நிற்கும். அந்த ஒல்லி எழுத்துகளுக்கு நீளமான பட்டைக் கால் மாட்டினால் இடம் நிறைகிறது, வரி சீராகிறது. சுவரை நிரப்பிய அதே உத்தி, விரலகலத்தில். அமெரிக்க வெளியுறவுத் துறை 2004 வரை தன் கடிதங்களை இந்த எழுத்தில்தான் அடித்தது. ஹாலிவுட் திரைக்கதை இன்றும் இதில்தான். பக்கத்துக்கு ஏறத்தாழ ஒரு நிமிஷம் என்ற கணக்கே இந்த எழுத்தின் அளவை நம்பி நிற்கிறது. சென்னையில் ஆங்கிலத்தில் திரைக்கதை அடிக்கிற பிள்ளைகளும் அந்தக் கணக்கையே பின்பற்றுகிறார்கள். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் சாலைப் பலகைகளிலும் இந்த நூற்றாண்டு பிறக்கும்வரை கிளாரண்டன்தான் வழிகாட்டியது. அங்கேயும் அதே காரணம்: பலகையில் குடைந்தால் நிற்கும், வண்டியிலிருந்து பார்த்தால் தெரியும்.

மர எழுத்துக்குத் திரும்புவோம். 1950-களின் பிற்பகுதியில் மினியாபொலிஸில் ஓவியக் கல்லூரி ஆசிரியராக இருந்த ராப் ராய் கெல்லி மாணவர்கள் பழகுவதற்காக மர எழுத்து தேட ஆரம்பித்தார். ஊர் ஊராகச் சின்னப் பிரஸ்களின் பின்கட்டிலிருந்து சேர்த்தார். எது யார் செய்தது என்று பார்த்தால் எந்தப் புத்தகத்திலும் விவரமில்லை. அவரே உட்கார்ந்து பழைய மாதிரிப் புத்தகங்களோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றாக அடையாளம் கண்டார். 1969-இல் வெளியான அவருடைய அமெரிக்க மர எழுத்து வரலாறுதான் இன்றுவரை அந்தத் துறைக்கு ஆதார நூல். அவர் சேர்த்தவை ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. ஹாமில்டன் கம்பெனியின் ஊரான டூ ரிவர்ஸில் மர எழுத்துக்கென்றே ஓர் அருங்காட்சியகம் நடக்கிறது. அங்கே இன்றும் அந்த எழுத்துகளில் மை பூசி அச்சடிக்கிறார்கள்.

நம்மிடமும் மர எழுத்துகள் இருந்தன. நான் வேலை பார்த்த பிரஸ்ஸில் தமிழ் மர எழுத்துகள் இரண்டு பெட்டி. ழகரத்தின் அடிச்சுழியும் ணகரத்தின் அடுக்குச் சுழிகளும் உளியால் எடுத்தவை. சுழிக்குள் உளிபட்ட தடம் விரலில் தட்டும். ஒரே எழுத்தின் இரண்டு கட்டைகளை ஒட்டிவைத்துப் பார்த்தால் அச்சு அசல் ஒன்றாக இருக்காது. நாடகம், மாநாடு, சினிமா, கண்டனக் கூட்டம் என்று திருச்சியின் சுவர்களில் ஏறிய எழுத்து அது. ஆஃப்செட் வந்ததும் முதலாளி டிரெடிலைப் பழைய இரும்புக்குப் போட்டார். ஈயத்தை உருக்குகிறவர்கள் எடை போட்டு எடுத்துப் போனார்கள். மரத்துக்கு விலையில்லை என்று பெட்டிகள் வெந்நீர் அடுப்புக்குப் போயின. யார் செதுக்கினார்கள், எந்த ஊரில், என்ன மரம் என்று அன்றைக்குக் கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இன்னமும் கும்பகோணத்திலோ விருதுநகரிலோ காரைக்குடியிலோ மூடிய பிரஸ் ஒன்றின் பரணில் ஒரு பெட்டி இருக்கலாம். உங்கள் அப்பாவோ மாமாவோ பிரஸ் வைத்திருந்தால் பரணை ஒருமுறை பாருங்கள். மர எழுத்து கிடைத்தால் தூக்கிப் போடாதீர்கள். மண்ணெண்ணெய்த் துணியால் மையைத் துடைத்து, ஈரம் படாத இடத்தில் வைத்து, பக்கத்துக் கவின்கலைக் கல்லூரிக்கோ அரசு அருங்காட்சியகத்துக்கோ எழுதுங்கள். அந்தப் பிரஸ்ஸில் வேலை பார்த்தவர் யாராவது உயிரோடு இருந்தால், பெட்டியைக் கொடுப்பதற்கு முன் அவரிடம் உட்கார்ந்து விவரம் கேட்டு எழுதி, அதையும் சேர்த்துக் கொடுங்கள்.